மெர்சிங் சடக்கில் நின்ற காடி

டிசம்பர் மாதத்து அடைமழை. ஜெமாலுவாங் சந்திப்பைத் தாண்டி மெர்சிங் போகும் சடக்கில், இரவு ஒன்பது மணி வாக்கில், ஒரு பழைய புரோட்டோன் சாகா நின்றுவிட்டது. ஓட்டியவர் அந்தத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தம்பி. பின்னால் அவர் மனைவி, நிறைமாதம், வலி எடுத்துவிட்டது. பக்கத்தில் அவளைப் பெற்ற அம்மா. முன் ஆசனத்தில் நாம். அன்று மாலை தோட்டத்தில் கூட்டம் முடித்துவிட்டு, மெர்சிங்கில் இறங்கிக்கொள்ளலாம் என்று ஏறியவர்கள் நாம்.

இரண்டு பக்கமும் செம்பனை. கைத்தொலைபேசியில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. அந்தப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு என்பது ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். காடி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். இஞ்சின் சத்தம் நின்றது, வைப்பர் பாதியில் நின்றது, மீட்டரில் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. ஆனால் முன்விளக்கு மட்டும் மழையைக் கிழித்துக்கொண்டு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"பேட்டரி புதுசுண்ணே. போன மாசந்தான் போட்டேன்" என்றார் அந்தத் தம்பி, அழாத குறையாக.

பின்னாலிருந்து அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி சாவியை முன்னும் பின்னும் திருகினார். ஒன்றும் இல்லை. பிறகு சாவியைச் சற்றுக் கீழே அழுத்தி ஒரு பக்கமாய்ச் சாய்த்தார். மீட்டரில் விளக்கு மினுக்கென்று எரிந்தது. விட்டார், அணைந்தது. மறுபடி அழுத்தினார், எரிந்தது. "அப்படியே பிடிச்சிக்கிட்டு ஸ்டார்ட் போடுங்க தம்பி" என்றோம். இஞ்சின் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து மெர்சிங் மருத்துவமனை வாசல் வரை அந்தச் சாவியை நாம்தான் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனோம். கட்டைவிரல் மரத்துவிட்டது. விட்டால் காடி நிற்கும், நின்றால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் பேச்சே இல்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், வாசகர்கள் மனம் கலங்க வேண்டாம்.

ஆனால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அந்தத் தம்பி மருத்துவமனை வாங்கில் உட்கார்ந்து சொன்ன கணக்கு. அந்தக் காடி இரண்டு மாதமாகவே தகராறு செய்துகொண்டிருந்ததாம். திடீரென்று நிற்கும், பிறகு தானாகவே கிளம்பும். ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். பேட்டரி போய்விட்டது என்று புதுப் பேட்டரி. இரண்டு வாரம் கழித்து மறுபடியும். இந்த முறை ஸ்டார்ட்டர் மோட்டார் என்று அதையும் மாற்றினார்கள். கூலி உட்பட மொத்தம் அறுநூறு வெள்ளிக்கு மேல். குறைந்தபட்சச் சம்பளமே 2025-ஆம் ஆண்டில்தான் 1,700 ரிங்கிட்டுக்கு வந்தது. இந்தக் கதை அதற்கு முந்திய காலம். ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குக் கிட்டத்தட்டப் பட்டறைக்குப் போய்விட்டது. கோளாறு மட்டும் போகவில்லை. நடுச்சடக்கில், மழையில், மனைவிக்கு வலி எடுத்த இரவில் வந்து நின்றது.

அந்தப் பட்டறைக்காரர் ஏமாற்றினாரா, தெரியாமல் செய்தாரா என்ற வழக்குக்குள் நாம் போகவில்லை. தெரியாமலும் செய்திருக்கலாம். விட்டு விட்டு வரும் கோளாறு, பட்டறைக்குப் போனால் ஒளிந்துகொள்ளும். பல் வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசலில் நின்றதும் வலி போன கதைதான். ஆனால் கோளாறு எங்கே என்று காடிக்காரனுக்கே கொஞ்சம் தெரிந்திருந்தால், அந்தப் பேட்டரியும் மோட்டாரும் மாற்ற வேண்டி இருந்திருக்காது. அதற்காகத்தான் இந்த வாரம் கூலி, போனஸ், வீடு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சாவித் துவாரத்தைப் பற்றி எழுதுகிறோம்.

கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? அதே தோட்டத்தில் முப்பது வருஷம் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் மாமா. ஞாயிற்றுக்கிழமை காலை லயத்து வாசலில் காடியை நிறுத்தச் சொன்னார். கையில் இருந்ததெல்லாம் ஒரு சின்ன பல்பு, அதில் பற்றவைத்த இரண்டு முழ வயர். மீட்டர் கிடையாது, கம்பியூட்டர் கிடையாது. முதலில் கதையைக் கேட்டார்.

"காடி நின்னப்ப முன்விளக்கு எரிஞ்சிச்சா?"

"எரிஞ்சிச்சு மாமா."

"வைப்பர்?"

"நின்னு போச்சு."

"அப்ப பேட்டரில கரண்டு இருக்குடா. சாவிக்குப் பின்னால போய்ச் செத்துப்போவுது." அவ்வளவுதான் பரிசோதனை. மீதியெல்லாம் அதை உறுதிப்படுத்திய வேலை.

அவர் சொன்னதின் பொருளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் சாவி என்று சொல்வதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பூட்டு. சாவியின் பல் பொருந்தினால் சுற்றும் இரும்புக் குழல், அதோடு ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்தும் கட்டையும் உண்டு. இன்னொன்று அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் மின்சுவிட்சு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் துண்டு. வெளியே தெரியாது. பூட்டைச் சுற்றும்போது அதன் வால் இந்தச் சுவிட்சைச் சுற்றுகிறது. உள்ளே செப்புத் தகடுகள், சின்ன ஸ்பிரிங்குகள். பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயரில் எப்போதும் 12 வோல்ட்டு வந்து காத்துக்கொண்டிருக்கும். சாவியை ஒரு படி திருப்பினால் ரேடியோவுக்குப் போகும். இரண்டாவது படியில் இஞ்சினின் தீப்பொறிக் காயில், மீட்டர், வைப்பர் எல்லாவற்றுக்கும் போகும். மூன்றாவது படியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டி எழுப்பும். கையை விட்டதும் ஸ்பிரிங் சாவியை இரண்டாம் படிக்குக் கொண்டுவந்து விடும். அந்த இரண்டாம் படியில்தான் காடி நாளெல்லாம் ஓடுகிறது. அந்தக் காலத்து ஜப்பானிய வகைக் காடிகள் பெரும்பாலானவற்றில் முன்விளக்குக்கு இந்தச் சுவிட்சோடு சம்பந்தமில்லை. வேறு வழியாகப் பேட்டரியிலிருந்து நேரே போகிறது. அதனால்தான் அன்றிரவு எல்லாம் செத்தும் முன்விளக்கு மட்டும் சாகவில்லை.

சாகா காடியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1985 ஜூலை 9-ஆம் நாள் பிரதமர் மகாதீர் வெளியிட்ட முதல் தேசியக் காடி அது. மிட்சுபிஷியின் லான்சர் பியோரேயை ஒட்டி, ஷா ஆலாம் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. நமக்கு அப்போது ஐந்து வயது. தோட்டத்துப் பெரிய கிராணி ஒன்று வாங்கி வந்த அன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வேலி ஓரம் நின்று பார்த்தோம். தொட்டுப் பார்க்க விடவில்லை. இன்று அதே வகைக் காடி நான்கு கை மாறி, ஐந்து கை மாறி, லயத்து வாசலில் நிற்கிறது. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் அப்படித்தான். தோட்டத்து லோரி நின்றுபோன இடங்களில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோவதும், கிழவியைக் கிளினிக்குக் கொண்டுபோவதும் இந்தப் பழைய காடிகள்தாம். ஆகவே அவற்றைக் கேலி செய்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

பழைய காடியில் இந்தச் சுவிட்சு ஏன் கெடுகிறது? இருபது, முப்பது வருஷம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திருப்பினால் செப்பு தேயும். ஒவ்வொரு தடவை தொடும்போதும் பிரியும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி அந்தச் செப்பைக் கருக்குகிறது. உள்ளே வைத்த கிரீஸ் காய்ந்து பிசின் போல ஆகிறது. மெர்சிங் போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று வேறு. நவம்பர் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரம் புகுந்த செப்பில் பச்சைப் பாசி பிடிக்கும். இதற்கு மேல் நம் பிள்ளைகள் செய்யும் கைங்கரியம் ஒன்று உண்டு. பெரிய ஸ்பீக்கர், கூடுதல் விளக்கு, விசிறி என்று எது வாங்கி வந்தாலும் அந்தச் சாவிச் சுவிட்சின் வயரைச் சுரண்டி அதிலேயே சுற்றிவிடுவார்கள். ஒரு ஆள் தூக்கும் மூட்டையை அந்தத் தகட்டின் முதுகில் நாலாக ஏற்றினால் அது சூடேறி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். சாவியைத் திருப்பும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால் அன்றே கவனிக்க வேண்டும். அதை நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

சாவிக்கொத்தும் ஒரு காரணம். அன்று நாம் அழுத்திப் பிடித்திருந்த கொத்தில் என்னென்ன இருந்தன என்று பிறகு எண்ணினோம். வீட்டுச் சாவி இரண்டு, மோட்டார் சைக்கிள் சாவி, மாமியார் வீட்டுச் சாவி, கோழிக்கூண்டுப் பூட்டுச் சாவி, புட்டித் திறப்பான் ஒன்று, பத்துமலை முருகன் படம் போட்ட தடித்த வில்லை. பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் அத்தனையும் ஊஞ்சலாடிப் பூட்டையும் சுவிட்சையும் தேய்க்கின்றன.

இதைப் படித்துவிட்டு, "சாவிக்கொத்துக்கெல்லாம் காடி நிக்குமா?" என்று சிரிப்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததைக் கேட்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் என்ற மாபெரும் நிறுவனம் செய்த ஷெவர்லே கோபால்ட் போன்ற சிறிய காடிகளில் இந்தச் சாவிச் சுவிட்சு தளர்வாக இருந்தது. சாவியை ஓடும் படியில் பிடித்து வைக்க உள்ளே ஒரு சின்னக் குமிழும் ஸ்பிரிங்கும் இருக்கும். அந்த ஸ்பிரிங்குக்குப் போதிய பலம் இல்லை. கனமான சாவிக்கொத்து இழுத்தாலோ, முழங்கால் பட்டாலோ, காடி குலுங்கினாலோ சாவி தானாகப் பின்னால் நழுவிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் நிற்கும், ஸ்டியரிங் கனக்கும், மோதினால் காற்றுப் பையும் விரியாது. கம்பெனிக்குள் பல வருஷமாகவே இது சிலருக்குத் தெரிந்திருந்தது. 2014-இல்தான் ஏறத்தாழ 26 இலட்சம் காடிகளைத் திரும்ப அழைத்தார்கள். நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. குற்ற வழக்கைத் தீர்க்க அந்த நிறுவனம் 2015-இல் அமெரிக்க அரசாங்கத்துக்கு 90 கோடி டாலர் கட்டியது. நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்ட கணக்கு என்ன தெரியுமா? சரியான உறுப்பைப் போட ஒரு காடிக்கு 57 காசு ஆகுமாம். அமெரிக்கக் காசு 57.

அது எப்படி வெளியே வந்தது என்பதைத்தான் நமது மக்கள் கவனிக்க வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் 2010-இல் ஒரு இளம் தாதி தன் பிறந்த நாளன்று கோபால்ட் காடி ஓட்டிப்போய் விபத்தில் இறந்தாள். அவளைப் பெற்றவர்கள் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் அமர்த்திய இஞ்சினியர் ஒருவர், அவள் காடியில் இருந்த சுவிட்சையும் கடையில் வாங்கிய புதுச் சுவிட்சையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். புதியதில் அந்தக் குமிழ் கொஞ்சம் நீளம், ஸ்பிரிங் பலம். ஆனால் இரண்டுக்கும் உறுப்பு எண் ஒன்றே! யாருக்கும் சொல்லாமல் உள்ளே மாற்றிவிட்டு, வெளியே ஒன்றும் நடக்காதது போல் விட்டிருந்தார்கள். பெரிய கம்பெனியின் வாய்க்குள் இருந்த உண்மையை வெளியே இழுத்தது, இரண்டு சுவிட்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு மனிதரின் கண்.

திரும்ப அழைத்த காடிகளுக்குப் புது உறுப்பு கிடைக்கும் வரை அந்தக் கம்பெனி சொன்ன யோசனையும் அதேதான். கொத்தைக் கழற்றிவிட்டு, காடிச் சாவியை மட்டும் போட்டு ஓட்டுங்கள் என்றது.

இனி டிரைவர் மாமா செய்ததைச் சொல்கிறோம். நம் நோட்டுப் புத்தகத்தில் அன்றே குறித்துக்கொண்டது.

பிரிப்பதற்கு முன்னால் அவர் காடியோடு பேசினார் என்றே சொல்லலாம். சாவியை இரண்டாம் படியில் வைத்து மீட்டரில் எண்ணெய் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்தார். எரிந்தன. சாவியை விரல் நுனியால் லேசாக ஆட்டினார். விளக்கு மினுக்கியது. "பார்த்தியா, அங்கதான்" என்றார். பிறகு முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்டார்ட் போடும்போது முன்விளக்கு மங்கி மஞ்சளாகச் செத்தால் பேட்டரி பலவீனம், அல்லது பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூத்துத் தொடர்பு விட்டிருக்கிறது. சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டினாலே பாதித் தொல்லை தீரும். விளக்கு மங்கவே இல்லை, இஞ்சின் பக்கம் 'டக்' என்ற சத்தமும் இல்லை என்றால் ஸ்டார்ட்டருக்குச் செய்தியே போகவில்லை. சுவிட்சையோ வயரையோ பார்க்க வேண்டும். ஆட்டோ கியர் காடியானால் கியரை 'நியூட்ரலில்' வைத்து ஒரு தடவை பார்க்க வேண்டும். 'டக்' என்ற சத்தம் பலமாகக் கேட்டு, விளக்கும் மங்காமல், இஞ்சின் மட்டும் சுற்றவில்லையா? அப்போதுதான் ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் சந்தேகப்பட வேண்டும். இந்த ஒன்றைப் பட்டறையில் பார்த்திருந்தால் அந்த மோட்டார் மாற்றியிருக்க மாட்டார்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதிலும் ஒரு பாடம் உண்டு. சாவியின் மூன்றாம் படி மட்டும் கெட்டிருந்தால், இரண்டாம் கியரில் தள்ளினால் காடி கிளம்பும். இரண்டாம் படியே கெட்டிருந்தால் தோட்டமே சேர்ந்து தள்ளினாலும் கிளம்பாது. தீப்பொறிக்கு மின்சாரம் இல்லாத இஞ்சினைத் தள்ளி என்ன பயன்? பெரட்டுக் களத்தில் பத்துப் பேர் வேர்த்து விறுவிறுக்கத் தள்ளுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். முதலில் மீட்டர் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளலாமே!

அடுத்து பேட்டரியின் நெகடிவ் முனையைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி ஓரமாக வைத்தார். இது இல்லாமல் ஸ்டியரிங் அடியில் கை வைக்கக்கூடாது. அந்தத் தடித்த வயரில் பாதுகாப்பு குறைவு. ஸ்குரூடிரைவர் பட்டுவிட்டால் வயர் தீப்பற்றும். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியை, நாலைந்து ஸ்குரூ எடுத்துக் கழற்றினார். பூட்டின் பின்புறம் சுவிட்சு தெரிந்தது. அதைப் பிடித்திருந்தது ஒரு சின்ன ஸ்குரூ. பூட்டையே கழற்ற வேண்டியதில்லை. பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலை, திருடன் கழற்றக்கூடாது என்று தொழிற்சாலையிலேயே முறித்துவிடப்பட்டிருக்கும். அதோடு மல்லுக்கட்டிக் கையைக் கிழித்துக்கொள்பவர்கள் உண்டு. வயர் சொருகியை இழுப்பதற்கு முன் மருமகனைக் கூப்பிட்டு, "போட்டோ எடுத்து வச்சுக்க" என்றார். வயரின் நிறத்தை நம்பக்கூடாதாம். நாலு கை மாறிய காடியில் சிவப்பு சிவப்பாகவே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்?

பிறகு சொருகியைப் பிரித்து, ஒட்டாதபடி பார்த்துக்கொண்டு, பேட்டரி முனையை மறுபடி பூட்டினார். பல்பின் ஒரு வயரைக் காடியின் வெறும் இரும்பில் வைத்து, மறுமுனையால் சொருகியின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். தடித்த வயரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. அதாவது பேட்டரியிலிருந்து இதுவரை வழி சுத்தம். அங்கே எரியாமல் இருந்திருந்தால் பேட்டரி அருகில் இருக்கும் உருகு வயர் போயிருக்கும். பிறகு சொருகியைத் திரும்ப மாட்டி, சாவியை இரண்டாம் படியில் வைத்து, பின்புறத்திலிருந்து இஞ்சினுக்குப் போகும் வயரைத் தொட்டார். பல்பு மங்கலாக எரிந்தது. சாவியை அழுத்தினால் பளிச்சென்றது. விட்டால் செத்தது. இந்தப் பக்கம் கரண்டு வருகிறது, அந்தப் பக்கம் போகவில்லை. நடுவில் இருப்பது சுவிட்சு ஒன்றுதான். கோர்ட்டு வேண்டியதில்லை, தீர்ப்பு அங்கேயே முடிந்தது.

காற்றுப் பை வைத்த காடிகளில் இப்படி ஸ்டியரிங் அடியில் கை வைக்க வேண்டாம் என்று மாமா கண்டிப்பாகச் சொன்னார். அதன் வயரில் விளையாடினால் முகத்தில் வெடிக்கும். சாவிக்குள் சில்லு வைத்த புதுக் காடிகளின் கோளாறும் வேறு. இது பழைய, எளிய காடிக்கான வைத்தியம்.

சுவிட்சைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியை மடியில் விரித்துப் பிரித்தார். துணி எதற்கென்றால் உள்ளே உள்ள ஸ்பிரிங்கும் குண்டும் எகிறி ஓடினால் கோழி தின்றுவிடும் என்றார். நாம் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. உள்ளே பார்த்தபோது நமக்கும் சிரிப்பு நின்றது. ஒரு செப்புத் தகடு பாதி தேய்ந்து குழி விழுந்திருந்தது. சுற்றி பிளாஸ்டிக் கருகி உருகி, தகடு சாய்ந்து கிடந்தது. இத்தனூண்டு தகட்டை நம்பித்தான் ஒரு தாயும் பிள்ளையும் அன்றிரவு பயணம் செய்திருக்கிறார்கள்.

செப்பு கறுத்து மட்டும் இருந்தால் மெல்லிய மணல்தாளால் துடைத்து, மின்தொடர்புக்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்து, துளி கிரீஸ் வைத்துப் பூட்டினால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். குழி விழுந்து பிளாஸ்டிக் உருகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். சுரண்டிப் போட்டால் இரண்டு வாரம் ஓடி மறுபடி ஜெமாலுவாங்கில் நிற்கும். பூட்டோடு சேர்த்து முழுசெட்டாக வாங்க வேண்டும் என்று சில கடையில் சொல்வார்கள். வேண்டியதில்லை. பின்னால் உள்ள மின்சுவிட்சு மட்டும் தனியாகக் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய்ச் சொருகியின் முள்ளை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். அந்தத் தம்பி குளுவாங்குக்குப் பஸ் ஏறிப்போய் வாங்கி வந்தார். முப்பத்தைந்து வெள்ளி. பூட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாமா கூலி வாங்கவில்லை. தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

அறுநூறு வெள்ளி அங்கே, முப்பத்தைந்து வெள்ளி இங்கே.

பூட்டியபின் அவர் பார்த்த மூன்று காரியங்களை மறக்கக்கூடாது. ஸ்டார்ட் போட்டுக் கையை விட்டதும் சாவி தானாகத் திரும்பி வருகிறதா? வரவில்லை என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் இஞ்சினோடு சேர்ந்து சுற்றிக் கருகிப்போகும். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்தால் இஞ்சின் நிற்கிறதா? சாவி எடுத்தபின் ஸ்டியரிங் பூட்டிக்கொள்கிறதா? மூன்றும் சரி என்றபிறகுதான் மூடியைப் போட்டார். கூடுதல் ஸ்பீக்கர் வயரை அங்கிருந்து பிடுங்கி, பியூஸ் வைத்துப் பேட்டரியிலிருந்து தனியாகக் கொண்டுவரும்படி மருமகனிடம் சொன்னார். ஸ்டார்ட்டருக்கு ஒரு ரிலே வைத்துவிட்டால் சுவிட்சின் பளு இன்னும் குறையும் என்பதும் அவர் சொன்ன யோசனை. பூட்டு இறுகினால் சமையல் எண்ணெய், லோரி எண்ணெய் எதையும் ஊற்ற வேண்டாம். தூசி சேர்ந்து களிமண் ஆகிவிடும். பென்சில் கரியைப் பொடி செய்து சாவியில் தடவிச் செலுத்தினால் போதும்.

இரண்டு கெட்ட பழக்கங்களை இங்கே சொல்லியே ஆகவேண்டும். சுவிட்சு கெட்டதும் வயரை வெட்டி, வீட்டு விளக்குக்குப் போடும் சுவிட்சு ஒன்றை வைத்துக் கட்டி வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அந்தச் சின்னச் சுவிட்சு அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது. சூடேறிப் பற்றினால் கால் அடியில் தீ. இன்னொன்று, இஞ்சின் பக்கம் குனிந்து ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு முனைகளைக் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் பண்ணுவது. கியர் விழுந்திருந்தால் காடி அப்படியே பாய்ந்து, முன்னால் நிற்பவனைச் சுவரோடு நசுக்கும். அவசரத்துக்குச் செய்கிறவர்கள், ஆள் ஒருவரை உள்ளே உட்கார வைத்து, கியரை விட்டு, கைபிரேக் போட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். நாமாக இருந்தால் செய்யவே மாட்டோம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அந்தத் தம்பியின் மனைவி கேட்டார். இப்போது அவரும் லைசென்சு எடுத்துவிட்டார். முதல் பாடம், பதறிப்போய்ச் சாவியை முழுக்கப் பின்னால் திருப்பி உருவாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், வளைவில் காடி நேரே போகும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். இஞ்சின் நின்றபின் பிரேக்குக்கு உதவும் காற்றிழுப்பு ஓரிரு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் கல்லை மிதிப்பது போல் இருக்கும். பவர் ஸ்டியரிங் காடியானால் ஸ்டியரிங்கும் கனக்கும், பயப்படாமல் பலமாகத் திருப்ப வேண்டும். நாலு மூலை விளக்கையும் மினுக்கவிட்டு, இடது ஓரம் ஒதுங்கி, எல்லாரும் காடியைவிட்டு இறங்கி புல் பக்கம் நிற்க வேண்டும். மெர்சிங் சடக்கில் இரவில் பலகை லோரிகளும் குலை லோரிகளும் வருகிற வேகம் நமக்குத் தெரியும்.

பட்டறைக்குப் போவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல போமன்கள் நம் ஆட்களிலும் சீனர்களிலும் மலாய்க்காரர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் போகும்போது, "காடி நிக்குது, பாருங்க" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எப்போது நின்றது, எது எரிந்தது, எது அணைந்தது, சத்தம் வந்ததா என்பதை எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேளுங்கள். அந்தத் தம்பி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்று அவர் வீட்டில் இருந்திருக்கும்.

சென்ற மாதம் அதே தோட்டத்துக்குப் போயிருந்தோம். அந்தச் சாகா இன்னும் ஓடுகிறது. பூட்டில் ஒற்றைச் சாவி, ஒரு கறுப்புக் கயிறு. மற்ற சாவிகளும் முருகன் வில்லையும் கதவோரம் ஆணியில் தொங்குகின்றன. கோழிக்கூண்டுச் சாவியைத்தான் அடிக்கடி காணவில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். அன்று பிறந்த பிள்ளை பாலர் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தது. அப்பா சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பு, இஞ்சின் பிடித்துக்கொண்டது. டிரைவர் மாமா தம் வாசலில் இருந்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பெல்ட்டு கத்துதுடா, அடுத்த வாரம் கொண்டா" என்றார்.